விடுமுறையில் கடலோர மலைப்பாதை ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது ஓட்டக் காலணியையும் ஒரு ஓரத்தில் செருகிவிடுகிற ஆள் நான். தங்கும் ஊரில் கடலையொட்டி மேடு பள்ளமாக ஒரு நடைபாதை இருந்துவிட்டால் அது போதும். நண்பர்கள் இப்படிக் கிளம்பும்போது என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சமதளத்திலும் பூங்காவிலும் ஓடிப் பழகி, முதல்முறை இந்தப் பாதைகளுக்குப் போகிறவர்களை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

வழக்கமாக 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவேன். அங்கேயும் அதே கணக்குதானே?

இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் நான் முதல்முறை மாட்டிக்கொண்டேன். "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, குளித்து, வெளியே போகத் தயாராக வாசலில் நின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் நடப்பவர்களுக்கு ஒரு விதி வகுத்தார். ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது ஒரு மீட்டர் ஏறுவது சமதளத்தில் சுமார் எட்டு மீட்டர் போவதற்குச் சமம். மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் இறுக்கி, 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. பாதை 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 480 மீட்டர். 12-உடன் 4.8 கூட்டினால் 16.8. சமதளத்தில் உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் சுமார் 101 நிமிடம் வருகிறது. அப்புறம் வழியில் வரும் மேய்ச்சல் வேலிகளின் வாயிற்கதவுகள், ஒற்றையடிப் பாதையில் எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்குவது, கல்லும் வேரும், "அட, இந்த வளைவைப் பார்" என்று நின்றுவிடுவது எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு நான் பதினைந்து நிமிடம் சேர்ப்பேன். ஆக, இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சீக்கிரம் திரும்பினால் நல்ல பெயர்தான்.

இன்னும் எளிய வழி, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்து ஓடுவது. பதினைந்து நிமிடம் போய், திரும்பி அதே வழியில் வருவது. தெரியாத பாதையில் முதல் நாள் நான் வேறு எதையும் செய்வதில்லை.

கடலோரப் பாதை கடல் மட்டத்தில்தானே இருக்கும்? இவ்வளவு ஏற்றம் எங்கிருந்து வருகிறது?

பாதை பெரும்பாலும் கடலோரம் செங்குத்தாக நிற்கும் பாறைமுகடுகளின் மேல்தான் போகும். அந்த முகடுகளின் உச்சி ஓரளவு சமமாகத்தான் இருக்கும். உள்நாட்டிலிருந்து கடலுக்கு வருகிற ஒவ்வொரு ஓடையும் அந்த முகட்டை அறுத்து ஒரு பள்ளம் போட்டிருக்கும். பாதை அங்கே கடல் மட்டம் வரை இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ப்பக்கம் மறுபடி உச்சிக்கு ஏற வேண்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அடுத்த ஓடை வந்துவிடும். எந்த ஏற்றமும் தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. அறுபது மீட்டர், எண்பது மீட்டர், அவ்வளவுதான். ஆனால் மலையில் ஏறினால் உச்சி தொட்டதும் வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி கிடைக்குமே, அது இங்கே கிடைக்காது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல், சுமார் 1,014 கிலோமீட்டர். முழுப் பாதையிலும் சேரும் ஏற்றம் சுமார் 35,000 மீட்டர், எவரெஸ்ட்டின் உயரத்தைப் போல நான்கு மடங்கு. பத்து கிலோமீட்டருக்குச் சராசரியாக 345 மீட்டர் வருகிறது. அந்தப் பாதை குறுக்கே போகாமல் ஒவ்வொரு சிறு குடாவையும் சுற்றிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. கடத்தல்காரர்களைத் தேடிய கடலோரக் காவலர்கள் ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்த்தபடி நடந்து தேய்த்த வழி அது. அவர்கள் குறுக்கு வழியில் போயிருந்தால் நம் கெண்டைக்கால் பிழைத்திருக்கும்.

வரைபடம் ஒரு ஏற்றக் கணக்குச் சொல்கிறது, கைக்கடிகாரம் இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது?

வரைபடத்தில் சம உயரக் கோடுகள் பத்து மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளம் எதுவும் அதில் தெரியாது. கடலோரப் பாதையில் அவைதான் நிறைய. கடிகாரத்தைப் பொறுத்தவரை, ஜிபிஎஸ் மட்டும் இருப்பது செங்குத்துப் பாறை ஓரங்களில் உயரத்தை அடிக்கடி தவறாகக் காட்டும். காற்றழுத்தம் அளக்கும் வகை பரவாயில்லை. நான் இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஏற்றத்தில் நடந்தால் அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமா?

தாராளமாக. மலையோட்டத்தில் முன்னணியில் வருகிறவர்களே செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். சரிவு ஓர் அளவைத் தாண்டியதும் ஓடுவதும் விரைந்து நடப்பதும் ஏறத்தாழ ஒரே வேகம்தான், ஓடுகிறவருக்கு மூச்சு வாங்குவது மட்டும் கூடுதல். கைகளைத் தொடைமேல் வைத்து அழுத்தி, சிறு அடிகளாக ஏறுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். திணறினால் நடக்க வேண்டிய இடம் அது. மரப்படிகள் வருகிற இடத்தில் இது இன்னும் உண்மை. அந்தப் படிகள் யாருடைய காலடிக்கும் பொருந்தாத இடைவெளியில்தான் இருக்கும்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. ஏன்?

இறக்கத்தால். பலரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உடம்பைக் கெடுப்பது இறக்கம்தான்.

இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை உங்கள் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. சுருங்க வேண்டிய தசை, நீண்டுகொண்டே விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வகை வேலையில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அன்றைக்குத் தெரியாது. வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். ஒரு விடுமுறையில் நான் இரண்டு நாள் தங்குமிடத்தின் மாடிப்படியைப் பின்புறமாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். எதிரே வந்த ஒரு சிறுவன் அதை விளையாட்டு என்று நினைத்து அவனும் அப்படியே இறங்க ஆரம்பித்துவிட்டான்.

இதில் ஒரு வேடிக்கை. மூச்சுக்கு இறக்கம் மலிவு. மினெட்டியும் சக ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, சுமார் 20 சதவீத இறக்கத்தில் (100 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் இறங்கும் சரிவில்) ஓடுவதற்கு ஆகும் ஆற்றல் சமதளத்தில் ஓடுவதற்கு ஆவதில் ஏறத்தாழ பாதிதான். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி கூடுகிறது, தடுத்துப் பிடிப்பதற்கே ஆற்றல் போய்விடுகிறது. ஆக, நுரையீரல் "போ, போ" என்று சொல்லும் அதே நேரத்தில் தொடை அடிவாங்கிக்கொண்டிருக்கும். நுரையீரலை நம்பி இறங்காதீர்கள்.

எப்படி இறங்குவது? அடியைக் குறுக்குங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலைக் குத்தி நிறுத்தாதீர்கள். அது முழங்காலுக்கும் கேடு, சறுக்கவும் வைக்கும். உடம்பு சரிவுக்குச் செங்குத்தாக, கொஞ்சம் முன்னால் இருப்பதுபோல் தோன்றினால் சரி. கை இரண்டையும் அகல விரித்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சமநிலை கிடைக்கும். கண் பாதத்தைப் பார்க்காமல் மூன்று நான்கு காலடி தூரம் முன்னே பார்க்கட்டும். காட்சியை ரசிக்க வேண்டுமானால் நின்று ரசியுங்கள். ஓடிக்கொண்டே கடலைப் பார்த்தவர்களின் கணுக்கால் கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

எங்கள் ஊர் முழுக்கச் சமதளம். கிளம்பும் முன் எப்படித் தயாராவது?

படிக்கட்டு இருக்கிறதா? போதும். மாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறுவதைவிட இறங்குவதற்கு முக்கியத்துவம் கொடுங்கள். தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை இறக்க வேலையில் லேசாக அடிபட்டுத் தேறியபின், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு வலிக்காது. அதனால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு நாள், பிறகு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள், பதினைந்து இருபது நிமிடம் படி இறங்கிப் பழகினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பாலத்தின் சரிவோ வாகன நிறுத்தத்தின் சாய்தளமோ இருந்தால் இன்னும் நல்லது. கடைசி வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். வலியோடு பயணம் போக நேரிடும்.

ஒரு வார விடுமுறையில் எத்தனை நாள் ஓடலாம்?

முதல் நாள் அரை மணி, நடையும் ஓட்டமுமாக. பயணக் களைப்பும் சரியில்லாத தூக்கமும் அன்றைக்குக் காலில் தெரியும். மூன்றாம் நாள் நீளமான ஓட்டம். நான்காம் நாள் நடை அல்லது நீச்சல். ஐந்தாம் ஆறாம் நாளில் கால் என்ன சொல்கிறதோ அது. தினமும் ஓடியே தீருவேன் என்கிறவர்கள் நடு நாட்களில் உள்ளூர்ச் சமதளச் சாலையில் ஓடிக்கொள்ளலாம். தசை தேறவும் நேரம் கிடைக்கும். வெப்பமான இடத்துக்குப் போனால் இன்னும் நிதானம் வேண்டும். உடம்பு சூட்டுக்கு முழுதாகப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.

சாதாரண ஓட்டக் காலணி போதாதா?

காய்ந்த மண், புல், சரளை என்றால் போதும். மழை பெய்தால் போதாது. ஈரப் புல் சரிவிலும் களிமண்ணிலும் அடிப்பாகத்தில் குமிழ் பல் உள்ள மலைப்பாதைக் காலணிதான் பிடிக்கும். எந்தக் காலணியும் உதவாத இடங்களும் உண்டு. பாசி பிடித்த கடற்பாறை, ஈரமான மரப்படி, மரப்பாலம். அங்கே நடங்கள். புத்தம் புதுக் காலணியை விடுமுறையில் முதல்முறையாகப் போட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நானே இருமுறை அதைச் செய்திருக்கிறேன்.

பாதையை விட்டுக் கடற்கரை வழியாகப் போனால் ஏற்றம் மிச்சமாகுமே?

ஏற்றம் மிச்சமாகும், மற்றது எதுவும் மிச்சமாகாது. இளக்கமான மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போலச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையில் மீனவர் பாதை என்றே ஒன்று இருக்கிறது. அங்கே முகட்டின் மேலேயே நீளநீளமாக மணல். ஏற்றம் குறைவுதானே என்று போகிறவர்களை அந்த மணல் உட்கார வைத்துவிடும். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுநேரம் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் வலி வரும்.

அதைவிட முக்கியமானது ஓதம். கடல் ஏறி இறங்குவதைத்தான் சொல்கிறேன். பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓடிப் போய், அடுத்த முனையைச் சுற்றும்போது தண்ணீர் வழியை மூடிவிட்டால் பின்னாலும் போக முடியாது, மேலேயும் ஏற முடியாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டுமுறை கடல் ஏறும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று காலை ஏழு மணிக்கு வற்றியிருந்த கரை, இன்று ஏழு ஐம்பதுக்குத்தான் வற்றும். "நேற்று இந்த நேரத்தில் இங்கே நடந்தோமே" என்ற நம்பிக்கை ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிசகும். ஏற்றமும் ஒரே சீராக நடக்காது. வற்றத்திலிருந்து ஆறு மணி நேரத்தில் கடல் ஏறுவதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. முதல் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மூன்றாவது நான்காவது மணியில் பாதிக் கடல் ஏறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டும் அதிகம்.

ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் கீழே இறங்குங்கள். அட்டவணை கையில் இல்லையென்றால் மேல்பாதைதான்.

முகட்டின் விளிம்பு எவ்வளவு ஆபத்தானது?

விளிம்பில் நீங்கள் நிற்கும் புல்லுக்குக் கீழே பாறை இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. அலை அடியில் அரித்துவிட்டு மேலே மெல்லிய உதடு மட்டும் துருத்திக்கொண்டிருக்கலாம். மழைக்குப் பிறகு களிமண் முகடுகள் சரியும், வெயில் வந்து காய்ந்த பிறகும் விழும். பாதை மாற்றுவழிப் பலகை வைத்திருந்தால் அதை மீறாதீர்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் வழி இன்று காற்றில் இருக்கலாம். புகைப்படத்துக்காகப் பின்னால் நகர்வதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பலமான காற்று அடிக்கிற நாளில் அது எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பாருங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி என்றால் அன்றைக்கு உள்வழிப் பாதை. கடல்மூடுபனி வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள்.

வெயில், தண்ணீர்?

கடற்காற்று ஒரு ஏமாற்றுக்காரன். வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் சூடும் தெரியாது, எவ்வளவு நீர் போனது என்றும் தெரியாது. தோல் வெந்ததும் மாலையில்தான் தெரியும். மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன. மெல்லிய மேகமும் பெரிய தடையில்லை. முகட்டில் மரநிழல் அரிதாகத்தான் இருக்கும். தொப்பி, சன்ஸ்கிரீன், விடியற்காலை. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் அரை லிட்டர் தண்ணீராவது கூட இருக்கட்டும். தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் நீண்ட ஓட்டத்தில் ரத்தத்தின் சோடியத்தைக் குறைத்துவிடும்.

ஒரே திசையில் ஓடி, பேருந்தில் திரும்பலாமா?

பேருந்தை முதலில் ஏறுங்கள். அதில் தொலைவுக்குப் போய் இறங்கி, தங்குமிடத்தை நோக்கி ஓடி வாருங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பதற்றம் இருக்காது. வியர்வையோடு பிறர் பக்கத்தில் உட்கார வேண்டியதும் இல்லை. போய்த் திரும்பும் ஓட்டம் என்றால் முதல் பாதியை எதிர்க்காற்றில் ஓடுங்கள், களைத்த காலைக் காற்று தள்ளிக்கொண்டு வரும்.

சில இடங்களில் பாதைக்கே விதிமுறை உண்டு. இத்தாலியின் சிங்க்வே டெர்ரேயில் முக்கியக் கடலோரப் பாதைகளுக்கு அனுமதி அட்டை வாங்க வேண்டும். அங்கே கூட்டமும் படிக்கட்டும் சேர்ந்துகொள்வதால், பகல் நேரத்தில் ஓட்டம் என்பது ஆசை மட்டும்தான். பறவைகள் தரையில் கூடு கட்டும் பருவத்தில் மூடப்படும் பகுதிகளும் பல கரைகளில் இருக்கின்றன.

தனியாக ஓடலாமா?

நான் ஓடுகிறேன், ஆனால் எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று மூன்றையும் சொல்லிவிட்டுத்தான். பள்ளங்களில் அலைபேசித் தொடர்பு அறுந்துவிடும், உச்சியில் திரும்ப வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசில், மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112. பிரிட்டனில் முகட்டிலோ கடற்கரையிலோ விபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். போகிற நாட்டின் எண்ணைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்கள், மாடுகள்?

நடப்பவர்களுக்கு முன்னுரிமை. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே குரல் கொடுங்கள். விளிம்போரத்தில் ஒருவரைத் திடுக்கிட வைப்பது நல்லதல்ல. கடந்து போகும்போது கடல் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாமல், அவரையும் அந்தப் பக்கம் தள்ளாமல், நின்று வழிவிட்டுப் போனால் பத்து விநாடிதான் ஆகும்.

மாடு மேயும் இடத்தில் ஓடாதீர்கள். கன்றோடு இருந்தால் நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே வேண்டாம். மூடியிருந்த கதவை மூடியும் திறந்திருந்ததைத் திறந்தும் விட்டுவிட்டு வாருங்கள்.

குடும்பம் கோபித்துக்கொள்கிறதே?

அவர்கள் எழும்முன் போய்த் திரும்புங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். முக்கியமாக, மத்தியானம் அவர்கள் அதே பாதையில் நடக்கலாம் என்று அழைத்தால் "கால் வலிக்கிறது" என்று சொல்லும் நிலையில் இருக்காதீர்கள். காலையில் கண்டுபிடித்த நல்ல இடத்தை அப்போது அவர்களுக்குக் காட்டலாம். என் வீட்டில் அதற்குப் பிறகுதான் சமாதானம் வந்தது.

உப்புத் தண்ணீரில் நனைந்த காலணியை என்ன செய்வது?

அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளட்டையை வெளியே எடுத்து, காகிதத்தைச் சுருட்டித் திணித்து, நிழலில் காய வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காகிதத்தை மாற்றினால் மறுநாள் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். மணல் மட்டும் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆன பிறகும் வந்துகொண்டே இருக்கும்.